ஒன்பது மணி நேர ஏற்றம், ஏழு மணி நேர இருட்டு: கார்கிலில் காலாட்படை வீரனின் போர்

கார்கில் பகுதியில் உள்ள திராஸ் ஊர் ஏறக்குறைய 3,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் டோலோலிங் மலையின் 4590 முனை, பெயரே சொல்வதுபோல, 4,590 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 1,300 மீட்டர் ஏற்றம். பாதையில்லாத பாறைச்சரிவில், முதுகில் மூட்டையோடு, விளக்கில்லாமல் ஏறும் ஒரு கம்பெனி, அதாவது நூறு பேர் அளவிலான படைப்பிரிவு, மணிக்கு 150 மீட்டர் உயரம் ஏறினால் அது நல்ல வேகம். அப்படியானால் உச்சிக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். ஜூன் மாதத்தில் அங்கே பொழுது சாயவே மாலை ஏழரை தாண்டிவிடும். அதிகாலை நான்கு மணிக்கு மேல் சரிவில் ஆள் அசைவது மேலிருந்து தெரிந்துவிடும். நம்பக்கூடிய இருட்டு ஏழு மணி நேரம், கொஞ்சம் கூடலாம்.

1999 கார்கில் போரைப் பற்றி நம் ஊடகங்களில் வந்தவை பெரும்பாலும் வீரக் கதைகள். அவை பொய்யில்லை. ஆனால் பத்தொன்பது, இருபது வயதுச் சிப்பாய் ஒருவன் அந்த மலையில் இரவு முழுக்க என்ன செய்தான், எது அவனைக் கொன்றது, எது காப்பாற்றியது என்று கேட்டால், பதில் துப்பாக்கியில் தொடங்குவதில்லை; மேலே சொன்ன கழித்தல் கணக்கில்தான் தொடங்குகிறது. ஏறி முடிப்பதற்குள் விடிந்துவிடும் மலை அது. கடைசி ஐம்பது மீட்டருக்கு எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு மூச்சு மிச்சத்தோடு போய்ச் சேர்கிறார்கள் என்பதே ஒவ்வொரு தாக்குதலையும் தீர்மானித்தது.

பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவியவர்கள் அமர்ந்த இடங்கள் ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையை மேலிருந்து பார்த்தன. லாரி போனால் எண்ணலாம், பீரங்கிக்கு இலக்குச் சொல்லலாம். சாலையை விடுவிக்க வேண்டுமென்றால் முகடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாக வேண்டும். மே மாதத்தில், மேலே இருப்பது சில தீவிரவாதிகள் என்ற எண்ணத்தில்தான் முதல் கம்பெனிகள் அனுப்பப்பட்டன. இருந்தவர்களோ பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படையினர். கில்கித், பால்திஸ்தான் மலைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். பனி உருகுமுன்பே வந்து கல் அரண் கட்டி, இயந்திரத் துப்பாக்கிகளை எந்தச் சரிவை நோக்கி வைப்பது என்று நிதானமாக யோசித்து வைத்திருந்தார்கள்.

மேலே அனுப்பப்பட்ட இந்தியப் பட்டாலியன்களில் (பல கம்பெனிகள் சேர்ந்தது ஒரு பட்டாலியன்) பல, காஷ்மீர் பள்ளத்தாக்கில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்தவை. அந்த வேலைக்குச் சுற்றி வளைத்தல், வீடு வீடாகத் தேடுதல், சிறு குழுவாகப் பதுங்குதல் ஆகியவை தெரிந்தால் போதும். மலை முகட்டைப் பீரங்கித் துணையோடு தாக்குவது வேறு தொழில்.

உடம்பும் அந்தத் தொழிலுக்குத் தயாராக நாளாகும். உயரத்துக்கு உடலைப் பழக்க ராணுவத்தில் ஒரு கால அட்டவணை உண்டு. 9,000 அடி முதல் 12,000 அடி வரை 6 நாள், 12,000 முதல் 15,000 வரை 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள். முதல் இரண்டு நாள் சமதளத்தில் சிறு நடை தவிர வேறு எதுவும் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து மெதுவாக நடை, ஐந்தாம் நாளிலிருந்து சிறு ஏற்றம். ஆக 14 நாள். சாலை துண்டிக்கப்படும் அவசரத்தில் 14 நாள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

4,600 மீட்டரில் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் போவதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. உயர நோய் வலுவான இளைஞனை விட்டுவைப்பதில்லை. சில சமயம் அவனைத்தான் முதலில் பிடிக்கிறது. வயதானவன் மூச்சு வாங்கினால் உட்காருவான். இருபது வயதுக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவான். தலைவலியைச் சொன்னால் பயந்தவன் என்று பெயர் வருமோ என்று வாய் திறக்கமாட்டான். வறட்டு இருமல், உட்கார்ந்திருந்தும் அடங்காத மூச்சிரைப்பு, பிறகு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி என்று வந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று பொருள். முக்கியமான ஒரே வைத்தியம் உடனே கீழே இறக்குவது. எதிரி ஒரு குண்டுகூடச் செலவழிக்காமலே, பத்துப் பேர் அளவிலான செக்‌ஷனில் ஒருவன் குறைந்தான். அவனைத் தூக்கிப் போகிறவர்களையும் கழிக்க வேண்டும்.

சுமைக்கு வருவோம். இன்சாஸ் துப்பாக்கி நான்கு கிலோவுக்கு மேல். அதன் தோட்டா ஒன்று 12 கிராம், 100 தோட்டா 1.2 கிலோ, மேகசின் எடை தனி. 36 ரகக் கையெறி குண்டு ஒன்று முக்கால் கிலோ. நான்கு எடுத்தால் மூன்று கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. இரவுக் குளிருக்கான கோட்டு, கயிறு, மண்வெட்டி, இரண்டு நாள் சாப்பாடு. இது அவனுக்கே அவனுக்கான மூட்டை. இதன்மேல் பொதுச்சுமை ஏறும். இயந்திரத் துப்பாக்கிக்கான நூறு தோட்டாப் பட்டை ஏறக்குறைய மூன்று கிலோ. 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சர் சுமப்பவனுக்கு அது மட்டுமே 14 கிலோ. குண்டை வளைவாக மேலே வீசும் குழல் ஆயுதமான 81 மி.மீ. மோட்டாரின் குண்டு ஒன்று நான்கு கிலோவுக்கு மேல். மொத்தம் 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அந்த மோட்டார் குண்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டாகப் பத்துப் பேர் இரவெல்லாம் சுமந்து 20 குண்டுகளை மேலே சேர்க்கிறார்கள். நிமிடத்துக்கு எட்டுப் பத்துக் குண்டு வீசக்கூடிய ஆயுதம் அது. பத்து ஆண்களின் ஒரு ராத்திரி உழைப்பு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மலைப் போரில் தோட்டாவைச் சிக்கனமாகச் சுடு என்று ஹவில்தார் கத்துவதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. இன்சாஸை ஒரு அழுத்தலுக்கு மூன்று தோட்டா சுடும் நிலையில் வைத்தால் 20 தோட்டா மேகசின் ஏழே அழுத்தலில் காலி. அடுத்ததை மாட்டும்போது விறைத்த விரல் ஒத்துழைக்காது.

சுமையைக் குறைக்கச் சிப்பாய் முதலில் எதைக் கழிப்பான்? பெரும்பாலும் சாப்பாட்டையும் போர்வையையும். தோட்டாவைக் குறைக்க மனம் வராது. அன்று இரவு அது சரிதான். ஆனால் தாக்குதல் நடுவழியில் நின்று, மறுநாள் பகல் முழுக்கப் பாறைக்குப் பின்னால் படுத்திருக்க நேர்ந்தால், அந்தப் போர்வைதான் உயிர். சாப்பாடு என்றால் பூரியும் சக்கர்பாராவும்தான், அதாவது நம் ஊர் இனிப்புக் கலகலா போன்ற, கெடாத, நெருப்பு கேட்காத பண்டம். மேலே சமைப்பது நடக்காத காரியம். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. புகை எழும்பினால் மோட்டார் குண்டு வரும். தண்ணீருக்குப் பனிதான். அதை அப்படியே வாயில் போட்டால் உடல் சூடு குறையும், தாகமும் தீராது. உருக்கிக் குடிக்க அடுப்பு வேண்டும்.

குளிர் ஆயுதத்தையும் விடுவதில்லை. இன்சாஸுக்குக் கார்கில்தான் முதல் பெரிய போர். அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் விட்டன என்ற புகார் அப்போதே பரவலாக எழுந்தது. எந்தத் துப்பாக்கியிலும் எண்ணெயைத் தாராளமாகப் போட்டால் குளிரில் கெட்டிப்பட்டு உள்பாகங்கள் மந்தமாகும். ஏறுவதற்கு முன் நன்றாகத் துடைத்துவிட்டு மெல்லிய பூச்சு மட்டும் விட வேண்டும். புதியவன் செய்யும் இன்னொரு தவறு, வெளியே குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோவது. கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வேர்ப்பதுபோல இரும்பு வேர்க்கும். மறுபடி வெளியே வந்ததும் அந்த ஈரம் உள்ளுக்குள்ளேயே உறைந்துவிடும். ரேடியோ பேட்டரியோ இதற்கு நேர்மாறு. அதைச் சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடாகக் காக்க வேண்டும், இல்லையென்றால் பீரங்கியைக் கூப்பிடும் நேரத்தில் ரேடியோ பேசாது.

இனி இருட்டு. இதைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்ப்பது நல்லது. 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் டோலோலிங்கைப் பிடித்தது ஜூன் 12 இரவிலும் 13 அதிகாலையிலும். அடுத்த நாள் அமாவாசை. அதே பட்டாலியன் ஜூன் 28 இரவு த்ரீ பிம்பிள்ஸ் பகுதியைத் தாக்கியபோது முழுப் பௌர்ணமி. நோல் எனப்படும் முகட்டை நோக்கிக் கத்தி முனை போன்ற குறுகலான விளிம்பில் போக வேண்டியிருந்தது. நிலா வெளிச்சத்தில், ஒதுங்க இடமில்லாத விளிம்பில், வரிசையாக. 22 வயது கேப்டன் விஜயந்த் தாப்பர் உயிரிழந்தது அந்த இரவில்தான். அதே இரவில் பக்கத்துப் பாறையில் கேப்டன் நெய்கேஷாகுவோ கெங்குரூஸ் பனி படிந்த கல்லில் பூட்ஸ் வழுக்கியதால் அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஏறினார். இதைச் சாகசமாகவே சொல்கிறோம். தொழில் கண்ணோடு பார்த்தால் அது பூட்ஸைப் பற்றிய தகவலும்கூட: குளிரில் அடிப்பாகம் இறுகிப்போன பூட்ஸ் ஈரப்பாறையைப் பற்றாது, வெறும் விரல் பற்றும். விலை என்னவென்றால், சற்று நேரத்தில் அந்த விரலுக்கு உணர்வு போய்விடும்.

பௌர்ணமி என்று தெரிந்தும் ஏன் போனார்கள் என்று கேட்கலாம். ஒரு முகடு கைவிட்டுப் போனதும் எதிரி அடுத்த முகட்டை வலுப்படுத்துவான். இரண்டு வாரம் காத்திருந்தால் இருட்டு கிடைக்கும், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் மேலே இன்னும் பல கல் அடுக்குகள் எழுந்திருக்கும்.

ஓர் இரவில் ஏறி முடிக்க முடியாத மலையை எப்படிப் பிடித்தார்கள்? ஏற்றத்தை உடைத்தார்கள். முந்தைய இரவுகளில் பாதி உயரத்தில் எதிரி பார்வை படாத மடிப்பு ஒன்றில் ஃபர்ம் பேஸ், அதாவது தாக்குதலுக்கான இடைத்தளம், அமைப்பார்கள். தோட்டா, தண்ணீர், மருந்து, கயிறு எல்லாம் முதுகு முதுகாக அங்கே போய்ச் சேரும். தாக்கும் கம்பெனி பகலில் அங்கே அசையாமல் படுத்திருக்கும். இருட்டியதும் கடைசி முன்னூறு, நானூறு மீட்டர் ஏற்றத்துக்கு மட்டும் இரவைச் செலவிடும். மே மாதத்தில் தோற்ற தாக்குதல்களுக்கும் ஜூன் நடுவில் வென்றவற்றுக்கும் உள்ள வேறுபாடுகளில் இந்தப் பொறுமை முக்கியமானது. இன்னொன்று பீரங்கி.

போர் முழுவதிலும் இந்தியத் தரப்பு ஏறக்குறைய 2,50,000 பீரங்கிக் குண்டுகளும் மோட்டார் குண்டுகளும் ராக்கெட்டுகளும் செலவிட்டது. 155 மி.மீ. போஃபோர்ஸ் குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல். சில பீரங்கிகளைச் சாலையோரம் நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும் முகட்டை நேரடியாகக் குறிபார்த்தே சுட்டார்கள். ஏனென்றால் மலை முகட்டில் வழக்கமான தூரக்கணக்கு கைவிடும். சமவெளியில் குண்டு 50 மீட்டர் தள்ளி விழுந்தாலும் பதுங்குகுழிக்காரனுக்கு வேதனைதான். கூர்முகட்டில் 50 மீட்டர் கூடிப்போனால் அது மறுபக்கப் பள்ளத்தில் விழுந்து வீணாகும்; 50 மீட்டர் குறைந்தால் ஏறிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள்மேல் விழும். காற்று மெலிந்திருப்பதால் குண்டு வழக்கத்தைவிட அதிக தூரம் போகும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மேலே இருந்தவை சாங்கர்கள். தோண்ட மண் கிடைக்காத இடத்தில் கல்லை அடுக்கி எழுப்பும் அரண் அது. மேலே இரும்புத் தகடும் அதன்மேல் கல்லும் போட்டிருப்பார்கள். பக்கத்தில் விழும் குண்டு உள்ளே இருப்பவனின் காதைச் செவிடாக்கும், தூசியால் கண்ணை மறைக்கும், ஆனால் பல நேரம் கொல்லாது. அதனால் பீரங்கியின் உண்மையான பயன், அது சுட்டுக்கொண்டிருக்கும் வரை எதிரியைத் தலை குனிய வைப்பதுதான். தாக்குபவர்கள் நெருங்கியதும் நம் குண்டே நம்மைக் கொல்லும் என்பதால் பீரங்கியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய நொடிக்கும் முதல் சிப்பாய் சாங்கர் சுவரைத் தொடும் நொடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்தப் போரில் பலர் இறந்தார்கள். சமவெளியில் நூறு மீட்டர் என்றால் அரை நிமிட ஓட்டம். 4,500 மீட்டர் உயரத்தில் சுமையோடு மேல்நோக்கி நூறு மீட்டர் என்றால் பல நிமிடம். அதற்குள் உள்ளே இருப்பவன் தூசியைத் தட்டி, பட்டையைச் சரிசெய்து, சுடத் தொடங்கிவிடுவான். ஆகவே தங்கள் குண்டின் சிதறலுக்கு எவ்வளவு பக்கத்தில் படுத்திருக்கத் துணிகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி சுருங்கியது. இருபது வயதுக்காரனிடம் போர் கேட்ட மிகக் கடினமான விஷயம் இதுவென்று தோன்றுகிறது. எதிரியை நோக்கி ஓடுவதைவிட, சொந்தப் பீரங்கிக்கு அடியில் அசையாமல் கிடப்பது கடினம்.

கடைசி இருபது மீட்டரின் விதிகள் வேறு. சாங்கரின் சுடுதுளை சரிவைப் பார்த்து அமைந்தது. துப்பாக்கிக் குழலை ஓர் அளவுக்குமேல் கீழே தாழ்த்த முடியாது. ஆகவே செங்குத்தான இடத்தில் எதிரியின் சுவருக்கு நேர் கீழே இருப்பது, ஐம்பது மீட்டர் பின்னால் இருப்பதைவிடப் பாதுகாப்பு. அங்கே ஒட்டிக்கொண்டவனைத் தோட்டா தொடாது. மேலிருந்து போடும் கையெறி குண்டு தொடும். ஈர்ப்புவிசை எப்போதும் மேலே இருப்பவன் பக்கம்தான். அவன் கையை விட்டாலே போதும். கீழே இருப்பவன் வீசியது துளையில் நுழையாவிட்டால் உருண்டு அவன் காலடிக்கே வரும், நான்கு விநாடிக்குள் வெடிக்கும். அதனால்தான் பக்கவாட்டில் ஊர்ந்து, சுவரோடு சுவராக ஒட்டி, துளைக்குள் கையாலேயே தள்ளுவது என்ற முறை. அது நடக்க, இன்னொருவன் எதிர்ப்பக்கத்திலிருந்து விடாமல் சுட்டு உள்ளே இருப்பவனின் கவனத்தை இழுக்க வேண்டும்.

மேல்நோக்கிச் சுடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சரிவின் தூரத்தைக் கண்ணால் அளந்து, சமவெளிப் பழக்கத்தில் குறிவைத்தால் தோட்டா தலைக்கு மேலே போய்விடும். தோட்டாவை இழுத்து இறக்குவது கிடைமட்டத் தூரத்துக்கான ஈர்ப்பு மட்டுமே. மெலிந்த காற்றும் சேர்ந்து அதை இன்னும் உயர்த்தும். பழகியவர்கள் சற்றுக் கீழே குறிவைப்பார்கள்.

டைகர் ஹில்லில் இந்தப் பாடங்கள் எல்லாம் ஒன்றாகப் பயன்பட்டன. 5,062 மீட்டர் சிகரம். ஜூலை 3 இரவு, நிலா பத்து மணிக்கு மேல்தான் எழும். 18 கிரனேடியர்ஸ் பட்டாலியனின் கட்டாக் பிளட்டூன் எனும் சிறு அதிரடிக் குழு, யாரும் ஏறி வரமாட்டார்கள் என்று எதிரி காவலைக் குறைத்திருந்த செங்குத்துப் பக்கத்தில் கயிறு கட்டி ஏறியது. 8 சீக்கியப் பட்டாலியன் வேறு பக்கத்தில் அழுத்தம் கொடுத்தது. அந்தப் பிளட்டூனில் இருந்த கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு வயது 19. பல குண்டுகள் பாய்ந்த பிறகும் கீழே வந்து எதிரியின் திட்டத்தைச் சொன்னார், பரம்வீர் சக்ரா பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இறந்தவருக்கான விருதாக அது முதலில் அறிவிக்கப்பட்டதையும், பிறகே அவர் மருத்துவமனையில் உயிரோடு இருப்பது தெரிந்ததையும் பலர் மறந்திருக்கலாம். அதே பெயரில் இன்னொருவர் அந்தப் பட்டாலியனில் இருந்ததால் வந்த குழப்பம் அது.

காயம்பட்டவனின் கணக்கு மிகக் கொடியது. தோட்டா தவறினாலும் அது மோதிய பாறை சிதறும். கல் சில்லு இரும்புச் சில்லுபோலவே சதையைக் கிழிக்கும். ஒவ்வொரு சிப்பாயிடமும் ஒரு ஃபீல்ட் டிரெஸ்ஸிங் கட்டு உண்டு. காயம்பட்டவனுக்கு அவனுடைய கட்டையே பயன்படுத்த வேண்டும், உதவ வந்தவன் தன்னுடையதைச் செலவிடக்கூடாது. குளிர்ந்துபோன உடலில் ரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால், கட்டுப் போட்டதும் செய்ய வேண்டியது போர்த்துவது. போர்வையைக் கீழே விட்டு வந்தவர்களுக்கு இங்கேதான் அது நினைவுக்கு வரும். ஒரு ஸ்ட்ரெச்சரைச் சரிவில் இறக்க நான்கு முதல் எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பல மணி நேரம் ஆகும். பகலில் முடியாது, சுடுவார்கள். இறந்தவரை மீட்பது இன்னும் தாமதம். திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் பட்டாலிக் பகுதியில் ஜுபார் முகட்டில் மே 29 அன்று வீழ்ந்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக அவர் உடல் மலையிலேயே கிடந்தது. இந்தியத் தரப்பில் மொத்தம் 527 பேர் இறந்தார்கள், காயமடைந்தவர்கள் 1,363.

முகடு கைக்கு வந்ததும் ஓய்வு என்று எண்ணுபவன் அன்றே சாவான். பிடித்த சாங்கரின் சுவர் நம் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டது. எதிரி திரும்பி வரப்போகும் பக்கம் திறந்து கிடக்கும். மூச்சு வாங்கும் முன்பே கல்லைப் பிரித்து மறுபக்கம் அடுக்க வேண்டும், இருப்பவர்களிடம் மீதித் தோட்டாவை எண்ணிப் பங்கிட வேண்டும், கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கி சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்த்தாக்குதல் பெரும்பாலும் விடிந்த பிறகு சில மணி நேரத்துக்குள் வரும். அந்த நேரத்தில் கீழிருந்து சுமையாட்கள் தோட்டாப் பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள்தான் திரும்பும்போது ஸ்ட்ரெச்சரையும் தூக்க வேண்டும். எட்டுப் பேர் ஒரு காயக்காரனோடு இறங்கினால், அடுத்த நடைக்கு வரவேண்டிய பதினாறு மோட்டார் குண்டுகள் அன்று மேலே வராது.